பழனாயி பார்த்த நீல விளக்கு

கண்ணாடி போட்டிருந்ததால் அழகுமலையின் கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விலை உயர்ந்த கண்ணாடி இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் போடுகிற சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி. அது அன்றைக்கு மட்டும் உடைந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று பிறகு பல நாள் நினைத்தார். தனக்கும் வலித்திருக்கும். வலித்திருந்தால் மறைத்திருக்க முடியாது.

அழகுமலைக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மனைவி ஒச்சாயியோடு திருப்பூருக்கு வந்து, இரண்டாயிரத்து ஏழில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒச்சாயிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவர் மணியன் என்பவருடைய சாயப்பட்டறையில் பைப் ஃபிட்டர். நீராவி, தண்ணீர், கழிவு என்று அங்கே ஓடுகிற குழாய்களை எல்லாம் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சாயக்கழிவு ஆற்றில் கலக்கிறது என்று அந்த வருடங்களில் பட்டறைகளை எப்போது மூடச் சொல்வார்களோ என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. மணியனின் பட்டறையிலேயே ஆளைக் குறைத்திருந்தார்கள். அழகுமலையோடு வேலை பார்த்த இன்னொரு ஃபிட்டர் ஆடி மாதத்தோடு நின்றுவிட்டார். அதிலிருந்து அழகுமலை யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. சொன்ன வேலையைத் தவறு இல்லாமல் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தார்.

மணியன் கெட்ட முதலாளி இல்லை. வேலைக்காரர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, வீட்டு ஹாலில் வைத்திருந்த கடல் மீன் தொட்டி. ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். உள்ளே பாறைகள், பாறைகளின் மேல் விரல் விரலாக அசைகிற மென்பவளங்கள், அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். கடலே இல்லாத ஊரில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? சுத்திகரித்த தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பை நிறுத்துப் போட்டுக் கலக்குவார். சாயத் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவதைப் பார்த்துப் பழகிய அழகுமலைக்கு, ஒரு முதலாளி தராசு வைத்து உப்பு நிறுப்பது வேடிக்கையாக இருந்தது.

அந்த ஐப்பசியில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி வந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கோயமுத்தூரில் மீன் கடை வைத்திருப்பவர் ஒரு கருவியைப் பார்சலில் அனுப்பியிருந்தார். அதைத் தொட்டியின் குழாயோடு சேர்த்துப் பொருத்த வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை மணியன் அழகுமலையை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"மாட்டிக் கொடுக்க ஆள் கேட்டா பத்து நாள் ஆகுங்கறாங்க. அதுக்குள்ள மீனு இருக்கோணுமே அழகுமலை. பைப் வேலைதானுங்களே, நீங்களே பாத்துருங்க," என்றார். கருவியைக் கையில் எடுத்துக் காட்டினார். முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒரு குழாய். "தண்ணி இதுக்குள்ள மெதுவாப் போகோணும். உள்ள ஒரு லைட்டு எரியும். அந்த வெளிச்சம் பட்டா கிருமியெல்லாம் செத்துப்போகும். அவ்வளவுதான். மத்தது புக்குல போட்டிருக்குது."

வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வந்த ஆட்களை அழைத்துவர அவர் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகிற அவசரத்தில், வீட்டு வேலை செய்யும் பழனாயியைக் கூப்பிட்டு, "இவருக்கு என்ன வேணுமோ கூட இருந்து எடுத்துக் குடுங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பழனாயிக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். குன்னத்தூர்ப் பக்கத்துக்காரி. கணவர் லாரி ஓட்டுகிறார். இருவரும் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவள் இரண்டு வாளியும் ஒரு பழைய துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கருவி வந்த பெட்டியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கண், அதன்மேல் குறுக்காக ஒரு கோடு, கீழே ஆங்கிலத்தில் நாலைந்து வரி. அழகுமலைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்ட வரும். உட்கார்ந்து படித்திருக்கலாம். ஆனால் சாயப்பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு கேனிலும் மண்டையோடோ கையோ கண்ணோ ஏதாவது ஒரு படம் இருக்கும். பார்த்துப் பார்த்து அவருக்கு அது வெறும் அலங்காரமாகிவிட்டது. பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஹேக்சா பிளேடையும் பைப் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவையும் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

வேலை சுலபமானதுதான். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் இறங்குகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. மேலே ஏறும் குழாயை நடுவில் வெட்டி, அந்த இடத்தில் கருவியைச் சேர்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்தினார். மீன்கள் மூச்சுவிடக் காற்றுக் குழாயைப் போட்டார். பைப்பை வெட்டி, பிசிறு தேய்த்து, பின்னால் கழற்றி மாட்ட வசதியாக இரண்டு பக்கமும் யூனியன் என்கிற திருகு இணைப்பு வைத்தார். தண்ணீரின் வேகத்தைக் குறைக்க ஒரு வால்வும் வைத்தார். சொல்யூஷன் தடவிய இடங்கள் காயட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே போக வேண்டிய விளக்கைக் கையில் எடுத்தார்.

விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் உள்ளே வைத்து மூடிவிட்டால், கோளாறு இருந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் வெளியே வைத்தே சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை மின்னி அணைந்துவிட்டது. ஹோல்டரில் ஒயர் லூசாக இருக்கிறது என்று தெரிந்தது.

"ஏம்மா, இத ரெண்டு பக்கமும் ஓரத்துல பிடிச்சுக்கிறியா? நடுவுல கை படாமப் பிடி," என்றார்.

பழனாயி கையைத் துடைத்துக்கொண்டு, துணியைச் சுற்றி விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அழகுமலை குனிந்து ஒயரைத் திருகினார். விளக்கு எரிந்தது. பால் கலந்த மாதிரி மெல்லிய நீலம். கண்ணைக் கூசவே இல்லை. தொடர்ந்து எரிகிறதா என்று பார்ப்பதற்காக அதை அணைக்காமலே ஒயரை அசைத்துப் பார்த்தார். டேப் சுற்றினார். மறுபடி அசைத்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இத்தன அழகா ஒரு நீலத்த நானு பாத்ததே இல்லீங்க," என்றாள் பழனாயி.

"ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு. அசங்காமப் பிடி."

அவள் அசையாமல் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகள் கௌசல்யாவுக்குக் கட்டுச்சோறு. பெண்ணுக்கு ஏழாம் மாதம் ஆனதும் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு சமைத்துக் கட்டி எடுத்துப் போய், வளையல் போட்டு, உறவுக்கெல்லாம் பந்தி வைப்பார்கள். முதல் வளையலைத் தாய்தான் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அவளப் பாத்து மூணு மாசமாச்சுங்ணா. மாமியா ஊடு குன்னத்தூருக்கு அக்கட்டால, ஒரு தோட்டத்துல. எட்டிப் பாக்க லீவு கெடைக்கறதில்ல. புளிச்சோறு நானு செஞ்சாத்தான் அவளுக்கு எறங்கும். வாந்தியெடுத்து எடுத்துப் பாதியாப் போயிட்டாளாமா. ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முன்னாலயே அடுப்புப் பத்த வைக்கோணும்."

வெல்டிங் போடும் இடத்தில் வருவதுபோல ஒரு வாசனை லேசாக எழுந்தது. அழகுமலை அதை முகர்ந்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை. மூக்குக் கண்ணாடி நழுவியதைத் தள்ளிவிட்டுக்கொண்டு, கடைசிச் சுற்று டேப்பை ஒட்டினார். விளக்கை அணைத்து, தண்ணீர் படாமல் காக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, கறுப்புக் குழாய்க்குள் வைத்து மூடினார். சாயங்காலம் மோட்டாரைப் போட்டபோது எங்கேயும் கசியவில்லை. பழனாயி தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதுங்களா? அப்ப நானு ஊட்டுக்குப் போறனுங்க, கட்டுச்சோத்துக்கு சாமான் வாங்கோணும்," என்று கிளம்பினாள்.

மறுநாள் காலையில் யூனியனில் லேசாகச் சொட்டுகிறது என்று போன் வந்தது. அழகுமலை போனபோது முதலாளியின் மனைவி, டெட்டால் நனைத்த துணியால் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழனாயிக்கு மெட்ராஸ் ஐ வந்துருச்சுங்க. அவங்க ஊட்டுக்காரர் வந்து சொல்லீட்டுப் போனாரு. ராத்திரி திடீர்னு ஆரம்பிச்சுதாமா. கண்ணத் தொறக்கவே முடியலியாமா. மண்ண அள்ளிக் கண்ணுக்குள்ள போட்டாப்பல இருக்குதாமா. ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். நீங்களும் கையக் கழுவீட்டு வேலையப் பாருங்க."

அந்த மாதம் ஊரில் மெட்ராஸ் ஐ இருந்தது உண்மைதான். ஒச்சாயியின் கம்பெனியில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் 'மண்ணை அள்ளிப் போட்டாப்பல' என்ற சொல்லைக் கேட்டதும் அழகுமலைக்கு அது மெட்ராஸ் ஐ இல்லை என்று பட்டது. இளவட்டமாக இருந்தபோது மதுரையில் ஒரு வெல்டிங் கடையில் வேலை பார்த்தார். முதல் வாரத்திலேயே கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். பகலெல்லாம் ஒன்றுமில்லை. ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டித் தேய்த்ததுபோல் ஆரம்பித்தது. கடைக்காரர் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக் கட்டிவிட்டு, 'ரெண்டு நாள்ல சரியாயிரும்' என்றார். சரியாகிவிட்டது. மண் கொட்டியதுபோல் இருந்த அந்த வலி மட்டும் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அலமாரிக்குப் பக்கத்தில் காலிப் பெட்டி கிடந்தது. அதைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். விளக்கைப் பார்க்காதே என்பது மட்டும் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. தன் கண்ணைக் காத்தது மூக்கின் மேல் இருந்த கண்ணாடி என்பதும் தெரிந்தது.

அப்போது மணியன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க அழகுமலை. அந்தக் கடைக்காரரு நேத்து ராத்திரிதான் போன்ல சொன்னாரு, அந்த லைட்ட வெளிய வெச்சுப் போட்டுப் பாக்கவே கூடாதாமா. கண்ணப் புடிச்சுக்குமாமா. உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டமேன்னு எனக்கு ஒரே இதாப் போச்சு. வெளிய வெச்சுப் போடலீங்கல்ல?"

"இல்லீங்க மொதலாளி," என்றார் அழகுமலை. யாரும் கேட்காமலே மேலும் சொன்னார்: "உள்ள வச்சு நல்லா மூடிட்டுத்தான் சுச்சப் போட்டேன்."

"அதானே பாத்தேன். உங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு மணியன் போய்விட்டார். அழகுமலை யூனியனை இறுக்கினார். 

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போகாமல், மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு பழனாயியின் வீட்டைத் தேடிப் போனார். லைன் வீட்டில் கடைசிக் கதவு. மற்ற கதவுகளில் நின்ற பெண்கள், "அங்க போகாதீங்க, மெட்ராஸ் ஐ," என்றார்கள். பழனாயி இருட்டான அறையில் முகத்தில் ஈரத் துணியைப் போட்டுப் படுத்திருந்தாள். குரலைக் கேட்டதும் எழுந்து சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"ஏனுங்ணா, நீங்க எதுக்கு வந்தீங்க? கிட்ட வராதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லம்மா."

"நேத்துப் பூராவும் உங்ககூட உக்காந்து பேசீட்டிருந்தனே, உங்களுக்கும் ஒட்டியிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் அதே நெனப்புங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா சரி."

அழகுமலை வாசலில் நின்றபடி மருந்தை உள்ளே தரையில் வைத்தார். "இது ரெண்டு நாள்ல சரியாயிரும்மா. குளுந்த தண்ணியில துணிய நனைச்சுப் போடு," என்றார்.

"ரெண்டு நாள்ல சரியாகி என்னங்ணா பண்றது. நாளைக்குக் கட்டுச்சோறு. சம்மந்தியூட்டுல இருந்து போன் பண்ணீட்டாங்க. வயித்துப்புள்ளக்காரி, கண்ணு நோவோட நீங்க வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நாயம்தானுங்களே? எங்க மூத்தாரு சம்சாரம் பெரியாத்தாள்தான் சோறாக்கி எடுத்துட்டுப் போறாங்க. நானு ஆக்குனா யாரு திம்பாங்க?"

சொல்லும்போது அவள் அழுதாள். அழுததில் கண் இன்னும் எரிந்திருக்க வேண்டும். துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இது ஒட்டுகிற நோய் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.  சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். வெளிச்சத்தால் என்று சொன்னால் அது முதலாளி வீட்டுக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மூடிவிட்டுப் போட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஆள் குறைக்கிற காலம். பக்கத்துக் கதவுகளில் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஒடம்பப் பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒச்சாயி தட்டில் சோறு போட்டபோது அவர் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வெயிலில் வெந்ததுபோல் தோல் சிவந்திருந்தது.

"கை என்ன இப்பிடிச் செவந்து கெடக்கு? ஸ்டீம் பட்டுருச்சா?"

அவர் சாப்பிடவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். ஒச்சாயி குறுக்கே பேசாமல் கேட்டாள். 

"அவ வலியில கெடந்துக்கிட்டு, ஒங்களுக்கு ஒட்டிருச்சான்னு கேட்டுருக்கா," என்றாள். "நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துருக்கீக."

"வேலை போயிருமுன்னு..."

"போகும், போகாது. அது மொதலாளி பாடு. அவளுக்கு நாளைக்கு ஒரு நாளுதான். என் மகளா இருந்தா நான் எப்பிடித் துடிச்சிருப்பேன்?" அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "விடிஞ்சதும் போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்டுல ஒக்காராதீக."

ஞாயிற்றுக்கிழமை வெளுத்ததும் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு போனார். லைன் வீட்டு வாசலில் பழனாயி தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மிச்சமிருந்தது, அவ்வளவுதான். வேன் போய்விட்டது என்றாள். எல்லோரும் பெரியாத்தாள் வீட்டிலிருந்தே கிளம்பிவிட்டார்களாம். கணவரும் போயிருக்கிறார்.

"காத்தால எந்திரிச்சா கண்ணு தெளிஞ்சு போச்சுங்ணா. ஓடிப்போய்ச் சொன்னேன். வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் உள்ள இருக்கும், ஒரு வாரத்துக்கு ஒட்டும்னு ஏத்தமாட்டேன்னுட்டாங்க."

அழகுமலை வண்டியை ஸ்டாண்டு போட்டார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். அந்த விளக்கு, அந்த ஸ்டிக்கர், வெல்டிங், முதலாளி கேட்டது, தான் சொன்னது, நேற்று இதே வாசலில் சொல்லாமல் போனது. எதையும் விடவில்லை.

பழனாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நேத்தே தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியும்மா."

"அந்த மருந்து வெச்சுட்டுப் போனப்பவே?"

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தார். புடவை மாற்றிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். பைக்குள் வளையல் குலுங்கியது.

"வண்டிய எடுங்க. அங்க வந்து நீங்களே சொல்லுங்க," என்றாள்.

பெருமாநல்லூர் தாண்டி, குன்னத்தூர் தாண்டி, ஒரு மண் பாதையில் இறங்கித் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பழனாயியைக் கண்டதும் அவள் கணவர் இலையை விட்டு எழுந்து ஓடிவந்தார். "உன்ன யாரு வரச் சொன்னது? சொல்லச் சொல்லக் கேக்காம," என்று பல்லைக் கடித்தார். பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அழகுமலை பந்தல் ஓரத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"இது மெட்ராஸ் ஐ இல்லீங்க. யாருக்கும் ஒட்டாது. நான் ஒரு லைட்ட இந்தம்மா கையில குடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அத வெறுங்கண்ணால பாக்கக் கூடாது. எனக்கு அப்பத் தெரியாது. நேத்துத் தெரிஞ்சுக்கிட்டேன், தெரிஞ்சும் வாயத் தொறக்கல. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

 வாசல்படியில் கௌசல்யா நின்றாள். கன்னத்தில் சந்தனம். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். முதல் வளையலைப் பெரியாத்தாள் போட்டு முடித்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். கோபமாகப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் அழகுமலைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. ஆனா எனக்கு அது தெரியாதுங்களே. வயித்துல ஒரு உசிரு இருக்குது. ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அப்பறம் யாரக் கேக்கறது? நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போய்க் கேட்டிருக்கலாம்." பழனாயியிடம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. பந்தல்ல உக்காருங்க. சாப்பிடுங்க. புள்ளகிட்டப் போறது மட்டும் இன்னைக்கு வேண்டாம்."

பழனாயி தலையாட்டினாள். பந்தலின் வெளி ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்கும் வாசல்படிக்கும் நடுவில் நெற்களம் அளவுக்கு இடம் இருந்தது.

"அம்மா, கண்ணு எப்புடி இருக்குது?" என்று மகள் கேட்டாள்.

"நல்லாருக்குது கண்ணு. ஒண்ணுமில்ல. நீ நிக்காத, உக்காரு. கொஞ்சம் சாப்பிடு."

"புளிச்சோறு பெரீம்மா செஞ்சது. எறங்க மாட்டீங்குதும்மா."

"எறங்கும். மெல்ல மெல்லச் சாப்பிடு."

அழகுமலை அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தோட்டத்துக்காரர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொன்னார்.

திரும்பிப் போகும்போது பழனாயி வேனில் ஏறவில்லை. வேனில் இருந்தவர்களும் அவளை ஏறச் சொல்லவில்லை. டி.வி.எஸ்ஸில்தான் வந்தாள்.  பெருமாநல்லூர் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்.

"நீங்க சொல்லாமயே இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்ணா. ஏதோ நோவு வந்துச்சு, போகக் குடுத்து வைக்கலீன்னு இருந்திருப்பேன். சொல்றதுன்னா நேத்துச் சொல்லியிருக்கோணும். எல்லாம் முடிஞ்சப்பறம் இன்னைக்கு ஏனுங்க சொன்னீங்க?"

காற்றுச் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிடலாம். ஆனால் விழுந்தது. அழகுமலை வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.  அவள் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகும் முன் மணியனின் அறைக்குப் போனார். வேலை போனால் போகட்டும் என்று சட்டைப்பையில் கேட் பாஸையும் ஸ்டோர் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் போனார். எல்லாவற்றையும் சொன்னார். மணியன் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த துணி சாம்பிள்களை எடுத்து எடுத்து அடுக்கினார்.

"நானு உங்களக் கேட்டனுங்களே அழகுமலை."

"கேட்டீங்க மொதலாளி."

"எம்பட மேலயும் தப்பு இருக்குதுங்க. அத சொல்லாமக் கொள்ளாம மாட்டச் சொல்லீட்டு நானு பாட்டுக்குக் கார்ல ஏறிப் போயிட்டேன். ஆனா சனிக்கெழம காத்தால நீங்க ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானே அந்தம்மாவ டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போயி, ஒரு வார்த்த எழுதி வாங்கி, கார்லயே குன்னத்தூருக்கு அனுப்பிச்சிருப்பேன். வேலைய விட்டு எடுத்துருவேன்னு பயந்தீங்களா?"

அழகுமலையின் கை சட்டைப்பையில் இருந்த சாவிக்குப் போனது.

"போயி வேலையப் பாருங்க," என்றார் மணியன்.

அவ்வளவுதான். சாவியை அவர் கேட்கவில்லை. அழகுமலை படி இறங்கினார். வேலை போயிருந்தால் தான் பயந்தது வீண் இல்லை என்றாவது ஆகியிருக்கும். போகவே போகாத ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

மணியனும் அவர் மனைவியும் அன்றே பழனாயியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். புதன்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். மீன்களில் மிச்சமிருந்தவை பிழைத்துக்கொண்டன. அதன்பின் முதலாளி வீட்டில் குழாய் வேலை ஏதாவது வந்தால் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். பட்டறையில் யாரும் அதைப் பற்றி அழகுமலையிடம் பேசவில்லை.

பழனாயி அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டவுன் பஸ்ஸில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா? அக்கா நல்லாருக்காங்களா?" என்று கேட்பாள். முன்பு போல அண்ணா என்கிற அந்த 'ங்ணா' மட்டும் பேச்சில் வருவதில்லை. அதை அவர் ஒச்சாயியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்பதாம் மாதத்தில் கௌசல்யா தாய்வீட்டுக்கு வந்தாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். பேர் வைக்கும் விருந்துக்குப் பழனாயி வீடு தேடி வந்து ஒச்சாயியை அழைத்தாள். அழகுமலை, தான் வரவில்லை என்றார். "நீங்க வராட்டி நான் மட்டும் போயி என்னன்னு சொல்றது?" என்று ஒச்சாயி விடாமல் கூட்டிப் போனாள்.

லைன் வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். ஒச்சாயி உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா சாடைதான்," என்றாள். அழகுமலை உள்ளே போகவில்லை. கடைசி வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு பழனாயியே வந்தாள். வரிசையில் எல்லோரையும் கேட்டதுபோலவே அவரையும் கேட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"போதும்மா," என்றார் அழகுமலை.

அவள் அடுத்த இலைக்குப் போனாள்.